லாங் ஐலண்டில் ஒரு மறியல்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தமானில் நான் இருந்த நாளெல்லாம் அது என் பின்னாலேயே பெட்டி தூக்கிக்கொண்டு வந்தது.

வேதாரண்யம் பக்கம் பந்தல் போடுவது என் தொழில். கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, கம்பும் கயிறும் தார்ப்பாயும் என்னுடையவை. என் ஒரே தங்கை செல்வி அந்தமானில் லாங் ஐலண்ட் என்ற சின்னத் தீவில் இருக்கிறாள். அங்கன்வாடியில் வேலை. அவள் புருஷன் கப்பல் சிப்பந்தி. புயல் அந்தத் தீவுகளை அடித்த அன்று அவர் விசாகப்பட்டினத்தில் கப்பலோடு மாட்டிக்கொண்டார். செல்வியின் போன் மூன்று நாளாகக் கிடைக்கவில்லை. நாலாம் நாள் காலையில் என் மனைவி, "நீங்க போறியளா, இல்ல நான் கெளம்பட்டுமா?" என்று கேட்டாள். கேட்ட தோரணையில் அன்றைக்கே சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் போர்ட் பிளேரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், பூர்வீகம் சிவகங்கை. "மெயின்லாண்ட்ல எந்த ஊரு?" என்று விசாரித்தார். அவருக்கு மொத்த இந்தியாவும் மெயின்லாண்ட்தான். அதில் வேதாரண்யம் ஒரு தெரு மாதிரி. புயலைப் பற்றிக் கேட்டேன்.

"நம்மகிட்ட மிலிட்டரி பக்கத்துலயே இருக்கு சார். காத்து அடங்குன அன்னிக்கு மத்தியானமே வண்டியெல்லாம் ரோட்டுக்கு வந்துருச்சு. ஏக்தம் ஃபாஸ்ட்" என்றார், சொந்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பெருமையோடு.

அன்றைக்கு மத்தியானமே! சில வருஷம் முன்னால் எங்கள் பக்கம் புயல் அடித்தபோது ஏழு நாள் எங்கள் ஊருக்குள் ஒரு சர்க்கார் வண்டி வரவில்லை. மேலே ஹெலிகாப்டர் மட்டும் போய்வந்தது. அதற்குக் கை காட்டிக் காட்டி எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பக்கத்து சீட்டுக்காரர் கொடுத்த கடலை மிட்டாயை வாங்கிக்கொண்டேன்.

போர்ட் பிளேரில் செல்வி புருஷனின் சிநேகிதர் கான்ட்ராக்டர் பாண்டியன் வீட்டில் தங்கினேன். பத்துபஸ்தியில் வீடு, விமான நிலையம் அருகில். ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் பாண்டியன் பேச்சை நிறுத்துவார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார். சுர்மாய் என்று சொல்லி வஞ்சிரம் மீன் குழம்பு போட்டார்கள். புளி குறைவு, ஆனால் மீன் துண்டு என் உள்ளங்கை அகலம். எங்கள் கடற்கரையில் இப்போது இந்த அளவு மீன் நேராக ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது. நாங்கள் வாசனை பிடிப்பதோடு சரி.

"ஒரு நாள் ஃபுல்லா கரண்ட் இல்ல அண்ணாச்சி. பஹுத் கஷ்டமாப் போச்சு" என்றார் பாண்டியன்.

எங்களுக்கு ஒன்றரை மாதம் இல்லை. சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் இன்னொரு விமானம் வந்துவிட்டது.

மறுநாள் சாத்தமிலிருந்து பாம்பூஃப்ளாட்டுக்குப் படகில் கடந்து, அங்கிருந்து வடக்கே போக வேண்டும். துறையில் வேலைக்குப் போகிறவர்கள், மீன் கூடைக்காரர்கள், பைக்குகள் என்று நல்ல கூட்டம். எல்லோருக்கும் முன்னால் பட்டாளத்து வண்டிகள் வரிசையாக நின்றன. ஆறு சக்கர லாரிகள், தண்ணீர் டாங்கர், ஒரு புல்டோசர். லாரிகளின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரட்டைத் தையல், முழத்துக்கு ஒரு பித்தளை வளையம், மழை விழுந்தால் முத்தாக உருண்டு ஓடுகிறது. என் வாழ்நாளில் அப்படி ஒரு தார்ப்பாய் நான் வாங்கியதில்லை. வயிறு எரிந்தது.

படகில் முதல் இடம் பட்டாளத்துக்கு என்று சொல்லிவிட்டார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. "ஜனங்கள நிறுத்தி வச்சுட்டு வண்டிய ஏத்துறது என்னாங்க நியாயம்?" என்று பக்கத்தில் நின்ற மீன்காரரிடம் கேட்டேன்.

"அவங்க ஆகே போனாத்தான் ரோடு க்ளியர் ஆவும். நாம பீச்சே ஆராமா போலாம். என்ன அவசரம்?" என்றார் அவர். முன்னால் அவர்கள், பின்னால் நிதானமாக நாம் என்கிறார். ராமேஸ்வரம் பக்கத்துக்காரர் என்று நினைக்கிறேன்.

இந்த வாக்குவாதத்தில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். கை வலிக்கிறதென்று என் பையைப் புல்டோசரின் படியில் வைத்திருந்தேன். புல்டோசர் படகேறியது. பையும் ஏறியது. செல்விக்கு என் மனைவி கட்டிக்கொடுத்த கருவாடும் முறுக்கும் அதில். துறை விளிம்பில் நின்று நான் கத்திய கத்தலுக்கு அந்தப் பக்கம் போன படகிலிருந்து நாலு பேர் கையசைத்து விடை கொடுத்தார்கள். அடுத்த படகில் போய்ச் சேர்ந்தபோது, ஒரு சிப்பாய் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு துறையில் உட்கார்ந்திருந்தான். "இதற்குள் என்ன, இப்படி நாறுகிறது?" என்று ஹிந்தியில் கேட்டான். சொன்னேன். பையைச் சட்டென்று என் மேல் தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

அதற்கப்புறம் காட்டுவழி. வண்டிகள் சேர்ந்து கான்வாயாகத்தான் போக வேண்டும். எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் பட்டாளம். வழியில் மரம் விழுந்து கிடந்தால் லாரியிலிருந்து நாலு பேர் குதிப்பார்கள். சங்கிலி ரம்பம் ஒரு உறுமல் உறுமும். துண்டுகளைப் புல்டோசர் ஓரம் தள்ளும். நான் வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் வழி திறந்துவிடும். எங்கள் ஊரில் அரிவாளால் வெட்டினோம். என் வீட்டு வாசலில் விழுந்த தென்னையை வெட்டி முடிக்க இரண்டு நாள். உள்ளங்கை கொப்புளம் உடைந்து சோறு பிசைய முடியவில்லை. என் மனைவி ஊட்டிவிட்டாள். அதை இப்போது நினைத்தால் அவ்வளவு கஷ்டமாக இல்லை. அது வேறு கதை.

போர்ட் பிளேரில் இறங்கிய மூன்றாம் நாள் நிவாரண மூட்டைகளோடு மூட்டையாக ஒரு சர்க்கார் படகில் லாங் ஐலண்ட் போய்ச் சேர்ந்தேன். கடற்கரையில் ஊரே உட்கார்ந்திருந்தது. என்னை வரவேற்க என்று ஒரு நொடி நினைத்தேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கடற்படையின் இறங்குகலத்தை. தட்டையான கப்பல் நேராக மணலில் வந்து முட்டியது. முகப்பு அப்படியே ஒரு கதவு போலக் கீழே இறங்கி மணலில் படுத்தது. உள்ளிருந்து ஆறு சக்கர லாரி ஈரம்கூடப் படாமல் உருண்டு வந்தது. பெரிய வண்டி என்று எதுவும் ஓடாத தீவு அது. பெண்கள் குலவை போடாததுதான் பாக்கி.

கூட்டத்தில் செல்வி கையில் கரண்டியோடு நின்றாள். பள்ளிக்கூடத்தில் நிவாரண முகாம், இவள்தான் சமையல். என்னைப் பார்த்ததும் ஓடி வர எத்தனித்தவள் இரண்டடி வைத்து நின்றாள். நடையில் நொண்டல் இருந்தது. இடது கெண்டைக்காலில் கட்டு.

"என்னாடி இது?"

"தகரம் பறந்து வந்து ஒரசிட்டுப் போச்சுண்ணே. சின்னக் கீறல். நர்ஸ் சிஸ்டர் ஊசி போட்டுட்டாங்க. டென்ஷன் ஆவாத. வா, கிச்சடி சூடா இருக்கு, சாப்டு."

கிச்சடி உண்மையிலேயே சூடாக இருந்தது. நெய் வாசனை வேறு. புயல் முடிந்து ஒரு வாரத்துக்குள் நெய்! லாரியின் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து ஊரின் போன்களுக்கெல்லாம் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு சிப்பாய்கள் கிணறு இறைத்தார்கள். ஓர் ஆடு லாரியின் நிழலில் படுத்து அசைபோட்டது. அந்த ஆட்டைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ஆனால் செல்வியின் வீட்டைப் பார்த்ததும் என் பொறாமை கோபமாக மாறிவிட்டது. பாதிக் கூரை இல்லை. சமையலறைக்கு மேல் வானம். இருந்த ஒரு சேலையை விரித்துக் கட்டியிருந்தாள். ஊருக்கெல்லாம் தார்ப்பாய் வந்திருக்கிறது, ஊருக்கே சமைத்துப் போடுகிறவள் வீட்டுக்கு வரவில்லை.

"கேட்டியா?"

"பின்னாடி பஸ்திக்காரங்களுக்கு வீடே இல்லண்ணே. மொதல்ல அவங்களுக்கு. நமக்கும் மிலேகா."

மிலேகா. கிடைக்குமாம். பஸ்தி என்பது தீவின் பின்பக்கக் குடியிருப்பு. என் தங்கைக்கு வாங்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலையில் செல்வி எழுந்திருக்கவில்லை. "அலுப்பா இருக்கு. நீ முகாமுல போயி டீ குடிச்சுட்டு வா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது பட்டாள லாரி செல்வி வீட்டுச் சந்தின் வாயைத் தாண்டித் தீவின் பின்பக்கம் போகும் சிமென்ட் பாதையில் வந்துகொண்டிருந்தது. பின்னால் தார்ப்பாய்க் கட்டுகள் அடுக்கியிருந்தன. அந்தப் பித்தளை வளையத் தார்ப்பாய். சந்து முனையில் நின்று பார்த்தேன், இன்னும் தூரத்தில் வரும்போதே அது நிற்கப்போகிற வேகத்தில் இல்லை.

பாதையோரம் ஒரு பாக்கு மரம் விழுந்து கிடந்தது. எங்கிருந்து பலம் வந்ததோ தெரியவில்லை. அதை இழுத்துப் பாதையின் குறுக்கே போட்டு, அதன் மேல் நான் உட்கார்ந்தேன்.

லாரி நின்றது. ஹவில்தார் இறங்கினார். உயரமான மனிதர், மலைப் பக்கத்து முகம். "அண்ணா, வழி விடுங்கள். முன்னால் போயாக வேண்டும். திரும்பி வருவோம், இங்கேயும் நிறுத்துவோம்" என்று நிதானமாக ஹிந்தியில் சொன்னார்.

என் ஹிந்தி அரைகுறை. ஆனால் அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. நம்பவில்லை, அவ்வளவுதான். திரும்பி வருவோம் என்று சொல்லிப் போன யாரும் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்ததில்லை.

எங்கள் ஜில்லாவில் புயலுக்குப் பிறகு எல்லோரும் கற்றுக்கொண்ட வித்தை இது. நிவாரண வண்டி உன் ஊரைத் தாண்டினால் உனக்கு எதுவும் கிடையாது. ஆகவே தாண்ட விடாதே. எட்டாம் நாள் முதல் முதலாக ஒரு பட்டாள லாரி எங்கள் சாலையில் வந்தது. தென்னை மரத்தைக் குறுக்கே போட்டு இரண்டு மணி நேரம் மறித்தோம். முதல் ஆளாக உட்கார்ந்தவன் நான். தார்ப்பாய், பிஸ்கட், தண்ணீர், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் இறக்கி வைத்த பிறகுதான் எழுந்தோம். காலி வண்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று. அன்றைக்கு ஊரில் என்னைத் தோளில் தூக்காத குறை.

லாங் ஐலண்டில் என் கூட யாரும் வந்து உட்காரவில்லை. அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். ஏதோ ஆகாத காரியத்தைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்றார்கள். செல்வியின் பக்கத்து வீட்டுப் பெங்காலிக்கார அம்மா மீனா தீதி, "அண்ணா, இந்த வண்டி எங்கே போகிறது என்று கேட்டீர்களா?" என்றார் ஹிந்தியில். எங்கே போனால் எனக்கென்ன என்று தமிழில் சொன்னேன்.

ஹவில்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். மறுபடி கைக்கடிகாரம். மரத்தோடு என்னையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போக அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. செய்யவில்லை. அரை மணி நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, மூன்று தார்ப்பாய்களை இறக்கி என் மடியில் வைத்தார். நான் எழுந்து மரத்தை விலக்கினேன். லாரி பறந்தது.

வெற்றிதான். தோளில் தார்ப்பாயோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

செல்வி வெளுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணிப் பை. கட்டுப் பிரித்த கால் முழங்கால் வரை வீங்கிச் சிவந்திருந்தது. காயத்தின் நாற்றம் வாசலிலேயே தெரிந்தது.

"ஆர்மி வண்டி வந்து கூட்டிட்டுப் போவும்னு சிஸ்டர் சொன்னாங்கண்ணே. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு. பின்னாடி பஸ்தில ஒரு தாத்தாவுக்கு மூச்சு முட்டுதாம், மொதல்ல அவரத் தூக்கிட்டு அப்புறம் இங்க. பத்து மணிக்கே வந்துரும்னாங்க. இன்னும் காணோமே."

"எனக்கு ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ ஊரக் கூட்டுவ."

தார்ப்பாயைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை எனக்கு.

லாரி வந்தது. சொன்னபடி திரும்பி வந்தது. உள்ளே பெரியவர் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் வாயைத் திறந்து மூச்சுக்கு அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேரி சிஸ்டர், தூத்துக்குடிப் பக்கத்து நர்ஸ். "ஏம்பா லேட்டு, ஏம்பா லேட்டுன்னு கேட்டுக் கேட்டு என் தொண்டையே போச்சு. யாரோ ஒரு ஆளு ரோட்ட மறிச்சானாமே, பாகல் மாதிரி, பைத்தியக்காரன் மாதிரி?" என்றார் என்னிடமே. ஹவில்தார் என் முகத்தைப் பார்த்தார். செல்வியைத் தூக்கிப் படுக்க வைத்தார்.

கடற்கரைக்குப் போனபோது மீனவர் ஒருவர் கையை விரித்தார். "பாட்டா ஆயிருச்சு." நீர் வற்ற ஆரம்பித்துவிட்டது. இறங்குகலம் மணலில் நின்றால் தரை தட்டி அடுத்த ஏற்றம் வரை அசைய முடியாது. ஆகவே பின்வாங்கிப் போய்த் தள்ளி மிதந்துகொண்டிருந்தது. நடுவில் பவளப்பாறையும் தண்ணீரும். அரை மணி முன்னால் வந்திருந்தால் லாரி நேராக உள்ளே ஏறியிருக்கும்.

ஹவில்தார் டிரைவரிடம் ஏதோ சொன்னார். லாரி கடலுக்குள் இறங்கியது. சக்கரம் முழுக்க மூழ்கும் வரை போய் நின்றது. அதற்கப்புறம் மனிதர்கள்தான். முதலில் பெரியவர், தலைக்கு மேலே தூக்கிய ஸ்ட்ரெச்சரில். அடுத்தது செல்வி. ஒரு சிப்பாய் என் கையிலிருந்த தார்ப்பாயை வாங்கி அவள் மேல் அலை அடிக்காமல் போர்த்தினான். நாலாவது கைப்பிடியை நான் பிடித்தேன். நான் குள்ளம். தண்ணீர் அவர்களுக்கு மார்பளவு, எனக்குக் கழுத்து. ஒரு இடத்தில் கால் வழுக்கியது. என் பக்கம் ஸ்ட்ரெச்சர் சரிந்தது. பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்து நிமிர்த்தியது. ஹவில்தார்.

கப்பலில் ஏறியதும் அவர் எனக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவே இல்லை. அந்தப் பொறுமையைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. எனக்கு வாய்க்காத பொருள்களில் அதுவும் ஒன்று.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் செல்வியின் காயத்தைத் திறந்து சுத்தம் செய்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர். பெரியவரைப் பற்றி விசாரிக்க எனக்கு இரண்டு நாள் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் கேன்டீனில் அவரே உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நான் அழுதேன். அவர் தன் பிஸ்கட்டில் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று மத்தியானம் செல்விக்குத் தயிர்சாதம் கொடுக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறித்தது நான்தான் என்று. அவள் கோபப்படவில்லை. சிஸ்டர் முன்னாடியே சொல்லிவிட்டாராம். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"அண்ணே, நம்மூரு புயலுக்கு நீ ஒரு வண்டிய மறிச்சேன்னு போன்ல சொன்னியே."

"ஆமா."

"அது எங்க போயிட்டிருந்த வண்டி?"

தெரியாது என்று சொன்னேன். அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தெரியாது என்று சொன்னது பொய். எங்கள் ஊரைத் தாண்டினால் அந்தச் சாலையில் ஒரே ஒரு குடியிருப்புதான் உண்டு. உப்பளத்து வேலைக்காரர்கள், கொஞ்சம் வீடுகள். அதோடு சாலை முடிந்து கடல். அந்த லாரி வேறெங்கும் போயிருக்க முடியாது. மருந்துப் பெட்டி யாருக்கு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தப் புயலுக்கு அப்புறம் அந்தக் குடியிருப்பில் நல்லது கெட்டது எதற்கும் என்னைப் பந்தல் போடக் கூப்பிடுவதில்லை. எங்கோ தள்ளி இருக்கிற வேறொருவனைக் கூப்பிடுகிறார்கள். அவன் வாடகையைக் குறைத்துக் கேட்டு என் பிழைப்பைக் கெடுக்கிறான் என்று இத்தனை வருஷமும் அவன் மேல் எனக்குப் பொறாமை.

ஊர் திரும்பி எட்டு நாளாகிறது. அந்தக் குடியிருப்புக்குச் சைக்கிளில் கால் மணி நேரம்தான். இன்னும் போகவில்லை.